எட்டுப் படகுகள் மௌனமான காலை

ஒரு படகின் குரலைக் கேட்பதற்காக எட்டுப் படகுகளின் வாயை அடைக்கலாமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அடைக்கச் சொன்னவள் நான்தான். சொன்னபடி நடந்தது, நல்லபடியாகவும் முடிந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டதாலேயே அது சரியான முடிவாகிவிடுமா என்று, மகளைத் தூங்க வைத்துவிட்டுத் துணி மடிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

இதை இப்போது எழுத உட்கார வைத்தவள் ஹசீனா. நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்தவள். போன வாரம் போனில் கூப்பிட்டு, "அக்கா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க லா. ரிட்டயர் ஆனவங்க ஏதாவது எழுதிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்றாள். எனக்கு முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்குள் ஓய்வு பெற்றவள் என்ற பெயர். சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. அடுத்த கடல் பயணத்தின்போது கட்டுப்பாட்டு மேசையில் அவள்தான் உட்காரப்போகிறாள். எந்த நிலைமையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாள். பாதி எழுதிவிட்டேன். மீதி நகர மறுக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நான் செய்த வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலையிடமும் அதுதான், கடைசி வேலையிடமும் அதுதான். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே பயணப் பெட்டிக் கடை. ஊருக்குப் போகிறவர்கள் சூட்கேஸ் வாங்கும் இடம். மாடியில் நாங்கள் படகுகளின் ரேடியோக்களையும் காவலாளிகள் கையில் வைத்திருக்கும் ரேடியோக்களையும் பழுதுபார்த்தோம். சம்பளம் அதிலிருந்து வந்தது. முதலாளிக்கு உயிர் மட்டும் வேறொன்றில் இருந்தது. அவர் ஹாம் ரேடியோக்காரர், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போன்றவர்கள் எல்லாரும் எங்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். நானும் தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். ஆரம்பத்தில், முதலாளி சொன்னார் என்பதற்காக. பிறகு, ஆசைப்பட்டு.

ஹாம் ரேடியோ என்றால் மைக்கைப் பிடித்துப் பேசுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் அதிகம் செய்தது எழுத்தை அனுப்பும் வேலை. எழுத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் யாரிடமிருந்து யாருக்கு என்று முகவரி சேர்த்து, ஒலியாக மாற்றி, ரேடியோவில் விடுவது. கட்டுவதையும் பிரிப்பதையும் செய்கிற சிறு பெட்டிக்குப் பெயர் பேக்கெட் கன்ட்ரோலர். அதன் ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் கணினி. ஸ்பீக்கரைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு பொட்டலமும் தொண்டையைச் செருமுவது போல ஒரு சின்னச் சத்தமாகக் கேட்கும். வந்த பொட்டலத்தில் ஓரெழுத்து சிதைந்திருந்தாலும் கன்ட்ரோலர் அதை முழுவதுமாகத் தூக்கிப் போட்டுவிடும். அப்படி ஒன்று வந்தது என்றுகூடத் திரையில் காட்டாது.

எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். அதற்காகப் பெட்டிக்குச் சில பழக்கங்களைக் கற்றுத் தருவோம். முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்றாலும் உடனே பாய்ந்துவிடக் கூடாது. மனதுக்குள் ஒரு பகடை உருட்ட வேண்டும். நினைத்த எண் விழுந்தால் பேசலாம். விழாவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி உருட்ட வேண்டும். கூட்டம் அதிகமாக அதிகமாகப் பகடை அபூர்வமாக விழும்படி வைக்க வேண்டும். பேசத் தொடங்கும்போதும் ஒரு மூச்சு நேரம் வெறுமனே விட வேண்டும். இல்லையென்றால் எதிர்முனை காதைத் திறப்பதற்குள் முதல் எழுத்துகள் போய்விடும். அந்த மூச்சு நீண்டுவிட்டாலோ எல்லாருடைய நேரமும் வீண். பெட்டியை வாங்கி வயரைச் சொருகுவது யாருக்கும் முடியும். எந்த இடத்துக்கு, எத்தனை பேருக்கு நடுவில், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பார்த்து இந்த அளவுகளை வைப்பதுதான் எங்கள் வேலை. பழக எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

முதலாளியின் பெயர் குணசீலன். கடையில் எல்லாருக்கும் அவர் 'பாஸ்'. தஞ்சோங் பகாரில் கப்பல் ரேடியோக்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொந்தக் கடை போட்டவர். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையில் ரொட்டி பராட்டா, இன்னொரு கையில் சால்டரிங் அயர்ன். நான் செய்தது சரி என்று வாயைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. சரியாக இருந்தால் அடுத்த கேபிளை எடுத்து நீட்டுவார். தவறாக இருந்தால், "பரவால்ல லா, யாரும் சாகல" என்பார்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. யாராவது 'பேக்கெட் போகவில்லை, வரவில்லை' என்று புகார் சொன்னால், முதல் வேலையாகக் கணினித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். பிறகு ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், முழுதாகக் குடித்து முடியும்வரை சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் கேட்டேன். "திரை வந்து சேர்ந்ததை மட்டும்தாம்மா காட்டும்" என்றார். "வழியிலயே அடிபட்டது எதுவும் அதுல தெரியாது. அது காதுலதான் விழும்." இன்னொரு பழக்கம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஒன்றை மாற்றிவிட்டுப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

ஆங் மோ கியோவிலிருந்து நடராஜன் சார் என்று ஒருவர் வருவார். வங்கி அதிகாரியாக இருந்தவர், பேச்சும் கணக்காக இருக்கும். தன் பெட்டி மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்கிறது, மற்றவர்கள் வைத்திருப்பது எல்லாம் குப்பை என்பது அவருடைய நிரந்தரப் புகார். பாஸ் அவரைக் கடையில் உட்கார வைத்து, வழக்கம்போலத் திரையைத் திருப்பிவிட்டு, ஸ்பீக்கரைத் திறந்தார். யாரோ ஒருவர் பேசத் தொடங்குவார். உடனே உரத்த சத்தம் ஒன்று அவர்மேல் ஏறி உட்காரும். மறுபடி இன்னொருவர். மறுபடி அதே சத்தம். "யார் இது, கொஞ்சங்கூட மரியாதை இல்லாம?" என்று நடராஜன் சாரே கோபப்பட்டார். பாஸ் தேநீரைக் கீழே வைக்காமலே, "உங்க வீட்டுப் பெட்டிதான் சார். அதுக்குப் பசி ஜாஸ்தி. மத்தவங்க தட்டுலயும் கை வைக்குது" என்றார். சார் தன் பெட்டியில் மற்றவர் பேசுகிறாரா என்று கேட்கும் அமைப்பை அணைத்துவிட்டு, பகடையும் எப்போதும் தனக்கே விழும்படி வைத்திருந்தார். அவர் முகம் சிவந்தது. அப்புறம் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். பிற்பாடு எங்கள் மறுஒலிபரப்பு நிலையத்துக்குத் தன் வீவக அடுக்குமாடி வீட்டின் மேல்மாடிச் சன்னலைக் கொடுத்தவரும் அவர்தான். தொலைவிலிருந்து வரும் பலவீனமான பொட்டலங்களைப் பிடித்து, பலத்தோடு திரும்ப அனுப்பும் நிலையம் அது. வடக்கே கடல்வரை அதற்குக் கேட்கும்.

கடல் என்றதும் அந்தப் பயணத்துக்கு வருகிறேன்.

பார்வையில்லாதவர்களைக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அழைத்துப்போகும் தொண்டர் குழு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் துடுப்புப் போடும் கயாக். முன்னால் பார்வையில்லாதவர், பின்னால் துணைவர். செம்பவாங்கிலிருந்து பாசிர் ரிஸ்வரை கரையை ஒட்டிப் போவார்கள். கூடவே ஒன்பது பாதுகாப்புப் படகுகள். அந்தப் படகுகளுக்கு நாங்கள் ஆளுக்கொரு பெட்டி செய்து தந்தோம். தண்ணீர் புகாத உறைக்குள் கன்ட்ரோலர், சின்ன ரேடியோ, பேட்டரி. படகு எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி தானாக அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் இடத்தை அடிக்கடி அனுப்பும். ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் 'உதவி' என்று அனுப்பும், எங்களிடமிருந்து ஒப்புதல் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். ஒப்புதல் போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும். கைத்தொலைபேசி எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் கொஞ்சம் தள்ளிப் போனால் போன் எதிர்க்கரையில் இருக்கும் ஜோகூர்க் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, நாம் ஏதோ வெளிநாட்டில் இருப்பதாக வரவேற்புக் குறுஞ்செய்தி அனுப்பும்.

கடைசியாக வரும் படகில் முரளி அண்ணன் போனார். புதுக்கோட்டைக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வந்தால் பாதி நாள் எங்கள் கடையில்தான் இருப்பார். வேலை செய்வதைவிடக் கதை அடிப்பதுதான் அதிகம். என்னை 'ஆபீசரம்மா' என்று கூப்பிடுவார். அந்தக் காலையில் பெட்டியை வாங்கிக்கொள்ளும்போது, "சிவப்புப் பொத்தானை அமுத்தினா சாப்பிட நாசி லெமாக் வருமா, ஆபீசரம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் நடராஜன் சார் வீட்டுச் சன்னலருகே, மறுஒலிபரப்பு நிலையத்தின் பக்கத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். கட்டுப்பாடு என் பொறுப்பு. பாஸ் பாசிர் ரிஸ் கரையில், மீட்புப் படகோடு. முதல் பாதிப் பயணம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போனது. வரைபடத்தில் ஒன்பது புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. சார் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

மேற்கே வானம் கறுத்தபோது சார்தான் முதலில் பார்த்தார். சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று எப்படி வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே காய்ந்த துணிகளை இழுத்துக்கொள்வதற்குள் மழை வந்துவிடும். பேசுவதற்கென்று படகுகளில் தனியாக இருந்த குரல் ரேடியோவில் எல்லாப் படகுகளையும் அருகிலுள்ள கரைக்குப் போகச் சொன்னேன். பதில்கள் வந்தன. கடைசிப் படகிலிருந்து மட்டும் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். இல்லை. முரளி அண்ணனின் போன் ஜோகூர்க் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அந்தப் புள்ளி, காற்று வருவதற்கு முன்னால் இருந்த இடத்திலேயே, உபின் தீவுக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றது. நிற்கிறது என்றால் படகு அங்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு எதுவும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அந்தப் படகில் முரளி அண்ணனும் படகோட்டியும் மட்டும் இல்லை. களைத்துப்போன இருவரைச் சற்று முன்புதான் ஏற்றியிருந்தார்கள். திலகா என்ற ஒரு பெண்மணியும் ஒரு சீனப் பெரியவரும். இருவருக்கும் பார்வை இல்லை. அவர்களுடைய துணைவர்கள் ஒரே கயாக்கில் சேர்ந்துகொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

"கரைக்குப் போயிருப்பாங்கம்மா. போட்டுக் குழப்பிக்காதே" என்றார் சார். நானும் அப்படி நம்பத்தான் பார்த்தேன். மற்ற எட்டுப் புள்ளிகளும் திரையில் தாவித் தாவி நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் தெரிந்தது.

எழுந்து திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ஸ்பீக்கரை முழுதாகத் திறந்தேன்.

துணி கிழிவது போல ஒரே இரைச்சல். பொட்டலத்தின்மேல் பொட்டலம். கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கியது. வானிலை கெட்டால் சுவிட்சை மேலே தள்ளுங்கள் என்று படகோட்டிகளுக்கு நாங்கள்தான் சொல்லியிருந்தோம். எட்டுப் பேரும் மறக்காமல் தள்ளியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் தான் பேசுவதற்கு முன் காது கொடுத்துத்தான் கேட்டது. ஆனால் படகுகள் நீர்மட்டத்தில் இருந்தன, கரை வளைந்து வளைந்து போனது. ஒரு படகின் பேச்சு இன்னொரு படகுக்குக் கேட்கவில்லை. உயரத்தில் இருந்த எங்கள் சன்னலுக்கு மட்டும் எல்லாருடையதும் ஒன்றாகக் கேட்டது. ஒவ்வொருவரும் தனக்குச் சொல்லப்பட்டதைத் தவறாமல் செய்தார்கள். எல்லாரும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டார்கள்.

அந்த இரைச்சலுக்கு அடியில், சீரான இடைவெளியில், மெலிதாக ஒன்று செருமியது. ஒவ்வொரு முறையும் அதன்மேல் யாராவது ஏறினார்கள். அது முரளி அண்ணனின் சிவப்புப் பொத்தானாக இருக்கலாம். தொலைவில் இருக்கும் வேறொரு படகாகவும் இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை.

பாஸுக்குப் போன் போட்டேன்.

"பாஸ், கடைசிப் படகு உதவி கேக்குதுன்னு நினைக்கிறேன். மத்தவங்க அது மேல விழுறாங்க. எல்லாரையும் பெட்டியை அணைக்கச் சொல்லவா?"

"நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியல."

அவர் பக்கம் காற்று போனில் மோதியது. "நாற்காலில யாரு இருக்கா?"

"நான்தான்."

"அப்ப என்னை ஏன்மா கேக்குற? இங்க எனக்கு மழைச் சத்தம்தான் கேக்குது. அது உனக்குத்தான் கேக்குது."

அவருக்குக் கோபமில்லை. அவர் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

குரல் ரேடியோவை எடுத்து எட்டுப் படகுகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பெட்டியை அணைத்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன். ஏழு பேர் கேள்வி கேட்காமல் அணைத்தார்கள். எட்டாவது படகோட்டி சேகர் அண்ணன். கடலில் பல வருடம் ஓடியவர், அதட்டலாகப் பேசுவார்.

"என்னம்மா சொல்ற நீ? மழையில எதிர்ல ஒன்னும் தெரியல. நாங்க எங்க இருக்கோம்னு சொல்ற ஒரே சாமான் இதுதான். இதையும் அணைக்கவா?"

"முரளி அண்ணன் படகைக் காணோம் அண்ணே. எல்லாரும் சேர்ந்து பேசுறதுல அவங்க சத்தம் அமுங்குது."

"அதுக்கு எங்களையும் காணாம ஆக்குவியா?"

"நான் விடாம குரல்ல கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். உங்களை முதல்ல."

"என் ஆளுங்க நாலு பேர் இன்னும் தண்ணியில இருக்காங்க. ஞாபகம் வச்சுக்க" என்றார். பிறகு அவருடைய பெட்டியும் நின்றது.

ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. நடராஜன் சார் மைலோக் குவளையைப் பிடித்தபடி நின்றார். நான் நினைத்தது தவறு, எட்டுப் படகுகளை வீணாக ஊமையாக்கிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. சேகர் அண்ணனைக் கூப்பிடக் கையை நீட்டினேன். அப்போது மெலிதாக அந்தச் செருமல் கேட்டது. முழுதாகக் கேட்டது. சார் பாய்ந்துபோய்த் திரையைத் திருப்பினார். கடைசிப் படகு, 'உதவி', இடம். புள்ளி பழைய இடத்திலிருந்து வெகுதூரம் நகர்ந்து, மணல் ஏற்றும் பெரிய தட்டைக் கலங்களான பார்ஜ்கள் நங்கூரமிட்டிருக்கும் பக்கம் போயிருந்தது.

எங்கள் கன்ட்ரோலர் தானாகவே ஒப்புதல் அனுப்பியது. அது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா? மறுபடியும் செருமல் வருகிறதா என்று காத்திருந்தோம். வரவில்லை. பெட்டி உதவி கேட்பதை நிறுத்திவிட்டது என்றால் அங்கே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. இடத்தைப் பாஸிடம் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு கொடுத்த வாக்கின்படி சேகர் அண்ணனை முதலில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. மற்ற ஏழு பேரும் பதில் சொன்னார்கள். அவர்களை இரண்டிரண்டு பேராகப் பெட்டியைப் போடச் சொன்னேன். நடுநடுவே சேகர் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசியில் மூச்சு வாங்கியபடி அவர் குரல் வந்தது. அவருடைய ஆட்களில் ஒருவர் கயாக்கிலிருந்து விழுந்துவிட்டார். அவரைப் பிடித்துத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, அதனால்தான் பேச முடியவில்லை. எல்லாரும் பத்திரம்.

மழை விட்ட பிறகு சார் தன் காரில் என்னைப் பாசிர் ரிஸுக்கு அழைத்துப்போனார். முரளி அண்ணன் துண்டைப் போர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். ப்ரொப்பெல்லரில் மீன்பிடிக் கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டதாம். முதல் அலையிலேயே குரல் ரேடியோ நனைந்து செத்துவிட்டது. படகோட்டி கயிற்றை அறுக்கப் போராட, படகு பார்ஜைப் பார்த்து மிதந்து போயிருக்கிறது. மோதுவதற்கு முன் மீட்புப் படகு கயிறு வீசிவிட்டது.

"இந்தம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஆபீசரம்மா" என்று பக்கத்திலிருந்த திலகாவைக் காட்டினார். "லைட் வந்துச்சா, லைட் வந்துச்சான்னு. வந்துருச்சுன்னு ஒரு பொய் சொல்லலாம்னு பார்த்தேன். அவங்களுக்கு என்ன தெரியப்போகுது? ஆனா வாய் வரல."

"நல்லவேளை சொல்லல" என்றார் திலகா. "சொல்லியிருந்தா உங்க குரல்லயே கண்டுபிடிச்சிருப்பேன். பச்சை வந்துருச்சுன்னு நீங்க கத்தினப்போ நெஜம்னு தெரிஞ்சுது."

நான் அழுதுவிட்டேன். பாஸ் வந்து என்னைப் பார்த்தார். 'யாரும் சாகல' என்று அன்று அவர் சொல்லவில்லை. "மாத்தினது ஒன்னே ஒன்னுதானே?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்ப சரி. சாப்பிட்டியா?" என்றார்.

சேகர் அண்ணன் போகும்போது என் பக்கம் வந்து நின்றார். அவர் குரலில் சூடு இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நீ செஞ்சது தப்புன்னு சொல்லலம்மா. ஆனா என் ஆள் தண்ணியில விழுந்த நேரத்துல நான் எங்க இருக்கேன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அதையும் நீ தெரிஞ்சுக்கணும்."

அதன் பிறகு அமைப்பை முழுக்க மாற்றினோம். ஒன்றன்பின் ஒன்றாக, கேட்டுக் கேட்டு, பல வாரம் பிடித்தது. பகடையை அபூர்வமாக விழும்படி வைத்தோம். ஒவ்வொரு படகுக்கும் நிமிடத்தில் தனக்கென ஒரு நொடி ஒதுக்கினோம். தன் முறை வராமல் எந்தப் பெட்டியும் இடத்தை அனுப்பாது. சிவப்புப் பொத்தானுக்கு மட்டும் ஒதுக்கிய நொடிகளில் வேறு யாரும் நுழைய முடியாது. அடிக்கடி அனுப்பும் சுவிட்சைக் கழற்றிவிட்டோம். அடுத்த பயணத்தில் மழை வந்தபோது ஸ்பீக்கரில் ஒவ்வொரு செருமலும் தனித்தனியாகக் கேட்டது. அன்று நான் மூன்று மாதக் கர்ப்பம். வாந்திக்குப் பயந்து இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தங்களைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன். என் வேலை வாழ்க்கையிலேயே நிம்மதியான நாள் அது. திலகா அதிலும் வந்திருந்தார். இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறாராம்.

மகள் பிறந்த பிறகு சில மாதங்கள் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். அவளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வந்தால் மனம் அங்கேயே நின்றுவிட்டது. காய்ச்சலா, பால் குடித்தாளா, அழுதால் யாருக்காவது கேட்குமா. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டிய வேலை என்னுடையது. நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு எதையோ. என் கணவர் போ என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. நானே விட்டேன். அது சரியா என்ற கேள்வியும் உண்டு. அதை இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஹசீனா எழுதித் தரச் சொன்ன அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறேன். கடைக்குப் புதிய கன்ட்ரோலர்கள் வந்திருக்கின்றன. கூட்டத்தைப் பார்த்துப் பகடையை அவையே சரிசெய்துகொள்கின்றன. நாங்கள் வாரக் கணக்கில் செய்ததை அவை தாமாகச் செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான். இன்னொரு வசதியும் அவற்றில் இருக்கிறது. கட்டுப்பாட்டு மேசையிலிருந்து ஒரே கட்டளையில் எல்லாப் படகுகளின் பெட்டிகளையும் அமைதியாக்கலாம். யாரையும் கூப்பிட வேண்டாம், யாரும் சம்மதிக்க வேண்டாம். அந்தக் கட்டளையைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா, திறந்தால் எப்போது பயன்படுத்துவது என்பதை நான்தான் எழுத வேண்டும். "நீ எழுது, நான் படிக்கிறேன்" என்று பாஸ் ஒதுங்கிக்கொண்டார்.

முரளி அண்ணனைக் கேட்டேன். "அணைச்சுருங்க ஆபீசரம்மா. அந்த பார்ஜைப் பக்கத்துல பார்த்தவன் நான். ஒருத்தர் சம்மதிக்கிறவரைக்கும் காத்திருக்க முடியாது." சேகர் அண்ணனைக் கேட்டேன். "கூடாது. என்னை அணைக்கணும்னா என்னைக் கேட்டுட்டு அணை."

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது, அதுதான் சிக்கல். சேகர் அண்ணன் என்னோடு வாதாடிய நேரம் முழுவதும் முரளி அண்ணனின் படகு பார்ஜை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. அன்று ஒரே கட்டளை கையில் இருந்திருந்தால் அந்த நேரம் மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் வாதாடியிருக்காவிட்டால், நாலு பேர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பெட்டி அதைச் சொல்லவில்லை. கோபப்பட்ட ஒரு மனிதர் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டதால்தான் பதில் வராதபோது அவரை விடாமல் கூப்பிட்டேன்.

ஹசீனா கெட்டிக்காரி. என்னைவிடக் கூர்மையான காது. அவள் அந்த நாற்காலியில் உட்காருவதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் நான் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியைப் பற்றித்தான். 'சந்தேகம் வந்தால் உடனே அணைத்துவிடு' என்று எழுதினேன், அடித்தேன். 'எல்லாரையும் கேட்காமல் அணைக்காதே' என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் மருத்துவமனை வார்டில் இரவுப்பணி பார்க்கும் தாதியர் இருப்பீர்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் பின்னால் ஓடிய ஆசிரியர்கள் இருப்பீர்கள். கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர்கள், இரட்டைக் குழந்தைகளின் தாய்மார்கள் இருப்பீர்கள். ஒருவருக்காக மற்ற எல்லாரையும் காத்திருக்க வைக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனீர்களா, சொல்ல நேரமில்லாமல் போனீர்களா? திரும்பி வந்து முதலில் யாரைப் பார்த்தீர்கள்? இந்த இதழுக்கு எழுதுங்கள். ஒரு வரியானாலும் போதும். அடுத்த பயணத்துக்கு முன் அந்தப் பக்கத்தை ஹசீனாவிடம் கொடுத்தாக வேண்டும்.